முறைச் சக்கரம்

பண்ணாரி சோதனைச் சாவடியில் முறை ஈஸ்வரமூர்த்தியின் காருக்கு விழுந்தது. தடுப்புக் கம்பிக்கு மேலிருந்த பலகையில் அவருடைய வண்டி எண் சிவப்பாக எரிந்தது. பின்னால் நின்ற கார்க்காரர் ஒருவர் தலையை வெளியே நீட்டி, தப்பித்தோம் என்பதுபோலச் சிரித்தார். வனக்காவலர் கொட்டகையிலிருந்து ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார்.

"டிக்கியத் தொறங்க சார். மேல யாருக்கும் தேவைப்படலைன்னா ஆசனூர் கேட்ல எறக்கிருங்க."

"ஏனுங்க, இன்னைக்குன்னு பார்த்தா நமக்கு விழோணும்?" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி சுகந்தி. "சீர்த்தட்டெல்லாம் அங்கதான இருக்குது. பட்டுப் பொடவைல கரி படும்."

"சக்கரமும் ஒரு சீருன்னு நெனச்சுக்கங்கக்கா," என்றார் காவலர்.

சுகந்தி சிரிக்காமல் தட்டுகளைப் பின்னிருக்கைக்கு மாற்றினாள். தேங்காய், பழம், புடவை, பூ. சக்கரத்தை உள்ளே வைத்ததும் கார் சற்றுத் தாழ்ந்தது. பிறகு என்ன நினைத்தாளோ, குங்குமச் சிமிழைத் திறந்து அதன் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தாள்.

மின்சாரக் கார்கள் வந்த புதிதிலேயே ஸ்டெப்னி போய்விட்டது. அதற்கான இடத்தையும் எடையையும் பேட்டரி எடுத்துக்கொண்டது. அந்த எடையே டயரையும் தின்றது. பெட்ரோல் காரில் வருடக்கணக்கில் வந்த பட்டன் எனும் டயர் வரிமேடு, இதில் பாதிக் காலத்தில் தேய்ந்து வழவழப்பாகிவிடும். ஆணி குத்தினால் பசையைச் செலுத்தி அடைத்துக்கொள்ளலாம். கல் கிழித்தால் நிற்க வேண்டியதுதான். சமவெளியில் நிற்கலாம். திம்பம் மலைப்பாதையில், யானைக் காட்டில், எங்கே நிற்பது? அதனால்தான் மலை மாவட்டங்களில் முறைச் சக்கரம் வந்தது. எல்லாக் கார்களுக்கும் ஒரே அளவுச் சக்கரம் என்று சட்டமானது. கீழிருந்து கூட்டமாக விடப்படும் கார்களில் ஒன்று, எல்லோருக்குமான ஒரு சக்கரத்தைச் சுமந்து போகும்.

கோவில் முன்னால் நான்கு எலுமிச்சம்பழங்களை நசுக்கிவிட்டுக் கார் மலையேறத் தொடங்கியது. மூர்த்தியின் தங்கை மகள் பூவிழிக்குத் தாளவாடியில் அன்று நிச்சயம். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் தாய்மாமன் கையால் தட்டு மாற வேண்டும்.

"பையனோட அப்பா ஒரு மாதிரிங்களாமா," என்றாள் சுகந்தி. "நேரம்னா நேரமாமா. பொண்ணு பார்க்க வந்தப்ப வாசல்ல நின்ன நம்ம சொந்தக்காரங்க காரைப் பார்த்து, பின் டயர்ல காத்துக் கம்மியா இருக்குதேன்னு சொன்னாராமா. பொண்ணப் பார்த்தாரோ இல்லியோ."

மூர்த்தி சிரித்தார். அன்று அவர் போகவில்லை. சம்பந்தி வீட்டார் யாரையும் இன்னும் பார்த்ததில்லை. "பையன் எப்படி?"

"தங்கம்ங்கறா உங்க தங்கச்சி கோகிலா. அம்மா இல்லாம வளந்த பையன். பூவிழியும் அந்த நிரஞ்சனும் ரெண்டு வருசமா பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க. அவளுக்கு இது நல்லபடியா முடியோணும். உங்க தங்கச்சிக்கு உங்களத் தவிர யாரு இருக்கா?"

மூர்த்திக்குப் பேச்சை விட வளைவுகள் பிடிக்கும். ஒவ்வொரு வளைவிலும் கீழே சமவெளி கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போவதைப் பார்ப்பது பிடிக்கும். சுகந்திக்கும் அது பழகிவிட்டது. இருவரும் அப்படியே மைல்கணக்கில் போவார்கள்.

ஐந்தாவது வளைவைத் தாண்டியதும் காரின் திரை விழித்துக்கொண்டது. இரண்டு புள்ளிகள். ஒன்று ஒன்பதாவது வளைவில், மற்றது இருபதாவது வளைவுக்கு மேலே. கீழ்ப்புள்ளி சாம்பல் நிறம். மேல்புள்ளி பச்சை. பெண்குரல் ஒன்று சொன்னது: "முறைச் சக்கரத்தை மேலே உள்ள வாகனத்துக்குத் தரவும். கீழே உள்ள வாகனத்துக்கு மீட்பு வண்டி பிற்பகலில் வரும்."

"கீழ இருக்கறவங்கதான முதல்ல வர்றாங்க?" என்றாள் சுகந்தி.

"வரிசை. டயருக்குள்ள இருக்கற சென்சார் மணி எல்லாத்தையும் சொல்லிரும். பட்டன் எவ்வளவு தேஞ்சிருக்கு, காத்து சரியாப் பிடிச்சானா இல்லையான்னு. ஒழுங்கா வெச்சிருந்தவனுக்குத்தான் முதல் சக்கரம். மொட்டை டயரோட மலையேறி வந்தவன் கடைசி."

"முன்னெல்லாம் அப்படி இல்லியே?"

"முன்னால, வழியில யாரு முதல்ல நிக்கறாங்களோ அவங்களுக்கு. என்னாச்சு? நமக்குத்தான் முறைச் சக்கரம் இருக்குதேன்னு ஊருல பாதிப் பேரு டயரே மாத்தறதில்ல. எல்லாச் சக்கரமும் அவனுகளுக்கே போச்சு. ஒழுங்கா வெச்சிருந்தவன் எப்பவோ ஒரு தடவை கல்லு கிழிச்சு நின்னா, அவனுக்கு மிச்சமில்ல. யாரோ ஒரு அம்மா அப்படிக் காத்துக் கெடந்து செத்துப்போச்சாமா. அதுக்கப்பறந்தான் மாத்துனாங்க."

"சரிதான," என்றாள் சுகந்தி சற்று யோசித்து.

"சரிதான்."

ஒன்பதாவது வளைவில் அந்தக் கார் ஓரமாகச் சாய்ந்து நின்றது. முன் சக்கரம் கிழிந்து ரப்பர் நாக்குப்போலத் தொங்கியது. சாலையில் யானைச் சாணம். மூங்கில் கிளைகள் முறிந்து ஈரம் காயாமல் கிடந்தன. முப்பது வயதிருக்கும் ஒருவன் கார் கதவில் சாய்ந்து நின்றான். மூர்த்தியின் கார் கூரையில் காவலர் பொருத்திவிட்ட, சுழலும் முறைவிளக்கைப் பார்த்தும் அவன் கையைக் காட்டவில்லை. பார்வையை மட்டும் கீழே இறக்கிக்கொண்டான். தன் நிறம் சாம்பல் என்று அவனுக்குத் தெரியும்.

மூர்த்தி கடந்துபோனார். அடுத்த வளைவுக்கு முன்னால் கார் தானாக நின்றதுபோல நின்றது. அவர் கால்தான் மிதித்திருந்தது.

மின்சாரக் கார் நின்றால் சத்தமே இருக்காது. காட்டில் ஏதோ பறவை ஒன்று, கதவு கிறீச்சிடுவதுபோல, விட்டு விட்டுக் கத்தியது.

"பின்னால சீட்டுல கொழந்த இருந்துச்சு. பார்த்தியா?"

"பார்த்தனுங்க. அதனாலதான் திரும்பிப் பார்க்கல."

சுகந்தி பின்னிருக்கையில் இருந்த தட்டுகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏத்திக்கிட்டுப் போயிரலாமுங்க," என்றாள் அவள். "தட்டையெல்லாம் மடில வெச்சுக்கறேன். சக்கரம் மேல போகட்டும்."

அது நல்ல வழியாகத் தோன்றியது. மூர்த்தி பின்னோக்கி வந்து இறங்கினார். அவனுடைய பெயர் மாதேஷ். கோவை ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குப் போகிறான். பின்னிருக்கையை மடக்கிவிட்டு அவன் மனைவி படுத்திருந்தாள். இடுப்பிலிருந்து குதிகால் வரை மாவுக்கட்டு. அவள் வயிற்றோடு ஒட்டி ஒரு பெண்குழந்தை வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"கட்டோட இவள எறக்க முடியாதுங்க. இந்த வண்டிக்குள்ள ஏத்தவே ஆஸ்பத்திரில நாலு பேரு வந்தாங்க," என்றான் மாதேஷ். "நீங்க போங்க சார். உங்களுக்கு மேல உத்தரவு வந்திருக்கும்."

"யானை?"

"விடியக்காலைல போயிருக்குது போலங்க. கன்னு இருக்குது. தண்ணிக்குத் திரும்பி வரும்."

"டயரப் பாருங்கண்ணா," என்று உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "நாலும் எம்மாமியார் தலையாட்டம் வழவழன்னு இருக்குது. மாத்து மாத்துன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். சக்கரம் வரும் பாக்யா, சக்கரம் வரும்னாரு. எங்க வந்துச்சு?"

"சும்மா இருடி."

"நான் சும்மாத்தான இருக்கேன். வேற என்ன பண்ண முடியும்?"

மூர்த்தி குனிந்து பார்த்தார். நான்கும் மொட்டை. ஓரத்தில் கம்பி தெரிந்தது. இப்படி ஒரு வண்டியில் இப்படிப்பட்டவளை ஏற்றிக்கொண்டு வந்தவன்மேல் அவருக்குக் கோபம் வந்தது. கோபப்பட்டதும் ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது. இவன் செய்ததற்கு இவன் அனுபவிக்கட்டும் என்று காரில் ஏறிவிடலாம். வரிசை அதைத்தான் சொல்கிறது. மேலே, முகம் தெரியாத யாரோ ஒருவர் தினமும் காற்றுப் பார்த்து, நேரத்துக்கு டயர் மாற்றி, செய்ய வேண்டியதையெல்லாம் செய்து காத்திருக்கிறார்.

குழந்தை தூக்கத்தில் எதையோ மென்றது.

அவர் டிக்கியைத் திறந்தார். சுகந்தி இறங்கி வந்து, ஜாக்கியை எடுக்க இடம் விட்டு நின்றாள். பெண்குரல் எச்சரித்தது. மறுபடி எச்சரித்தது. கடைசியில், "உங்கள் வாகனம் வரிசையின் இறுதிக்கு மாற்றப்படுகிறது. உங்கள் எண் காத்திருப்பவருக்குத் தெரிவிக்கப்படுகிறது," என்று அதே கனிவோடு சொல்லிவிட்டு ஓய்ந்தது.

கிழிந்த சக்கரத்தின் போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. மாதேஷ் ஸ்பேனர்மேல் ஏறி நின்று குதித்தான். முடிந்தபோது ஒன்பது மணி தாண்டிவிட்டது. குங்குமப் பொட்டு வைத்த சக்கரம் அந்த அழுக்கு வண்டியில் மணப்பெண்போல இருந்தது.

"பேரு சொல்லிட்டுப் போங்கண்ணா," என்றாள் பாக்யா.

"பேரெல்லாம் எதுக்குங்க. மீதி மூணையும் மாத்தச் சொல்லுங்க," என்றார் மூர்த்தி. மாதேஷின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

இருபதாவது வளைவை நெருங்கும்போது காரின் வேகம் குறைந்தது. யாராக இருந்தாலும் இறங்கிப் போய்ச் சொல்லிவிடுவது என்று மூர்த்தி முடிவு செய்திருந்தார். ஆனால் வளைவு காலியாகக் கிடந்தது. ஓரமண்ணில் ஜாக்கி அழுந்திய சதுரத் தடம் மட்டும் இருந்தது.

"யாரோ சக்கரம் குடுத்திருக்காங்க," என்றாள் சுகந்தி. அவள் மூச்சு விட்டது கேட்டது. "சாமி இருக்குதுங்க." ஆசனூரில் ஓரமாக நின்ற கார்களைக் கவனிக்காமலே கடந்துபோனார்கள்.

தாளவாடியில் கோகிலா வாசலிலேயே நின்றிருந்தாள். "அண்ணா, எங்க போயிட்ட? நல்லவேளை, அவங்களும் இன்னும் வரல."

பத்து மணி ஆனது. பத்தரை ஆனது. பந்தலில் மின்விசிறிகள் சுற்றின. பெரியவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெற்றிலையை எடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரின் மற்ற கார்கள் வந்துவிட்டன. மாப்பிள்ளையும் அவன் அப்பாவும் வந்த கார் மட்டும் வரவில்லை. அறைக்குள் பூவிழி அலங்காரத்தோடு உட்கார்ந்து, போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூர்த்தி எட்டிப் பார்த்தபோது அவள் கண் மை கரைந்திருந்தது.

"மாமா, ஆசனூர்ல நிக்கறாங்களாம். வழியில டயர் கிழிஞ்சு, வேற ஒண்ணு மாட்டிருக்காங்க. அதுலயும் காத்து நிக்கலையாம். மூணு வாட்டி அடிச்சிட்டாராம் நிரஞ்சன்."

"எங்கம்மா கிழிஞ்சுது?"

"திம்பத்துக்குக் கீழ. இருபதாவது வளைவாம். முறைவண்டி வந்துக்கிட்டிருந்துச்சாம். அதுல வந்தவங்க சக்கரத்த வழியில வேற யாருக்கோ குடுத்துட்டாங்களாம். அவரோட அப்பா ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாராம் மாமா. எனக்குப் பயமா இருக்கு."

மூர்த்தி அவள் தலையில் கைவைத்தார். பூ கசங்காமல், லேசாக. சுகந்தி சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர் வெளியே போய்த் தன் காரின் அருகில் நின்றுகொண்டார். எண்பலகைக்கு முன்னால் நின்றால் மறையும். அவர் விலகியே நின்றார்.

ராகு காலம் பாதிக்கு மேல் போன பிறகுதான் அவர்கள் வந்தார்கள். நடக்கிற வேகத்தில் கார் தெருவுக்குள் நுழைந்தது. இடது முன்சக்கரம் மட்டும் நிறம் வெளுத்து, பாதி அமுங்கியிருந்தது. நிரஞ்சன் இறங்கிய கையோடு, பட்டுச்சட்டையின் கையை மடித்துவிட்டுக் காற்றடிக்கும் பம்பை மாட்டினான். அவனுடைய அப்பா தெய்வசிகாமணி இறங்கி, வரவேற்றவர்களுக்கெல்லாம் கைகூப்பினார். நெட்டையான, ஒடிசலான மனிதர்.

"பன்னெண்டு வரைக்கும் இருப்பமுங்க. கெட்ட நேரம் போகட்டும்," என்றார் எல்லோருக்கும் பொதுவாக. பிறகு வரிசையாக நின்ற கார்களைப் பார்த்தபடியே நடந்து வந்தார். மூர்த்தியின் காருக்கு முன்னால் நின்றார். எண்ணைப் படித்தார்.

"உங்க வண்டிங்களா?"

"ஆமாங்க. பூவிழிக்குத் தாய்மாமன்."

அவர் தலையசைத்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. நிழலுக்குப் போகலாம் என்று இருவருக்கும் தோன்றவில்லை. அப்படியே நின்றார்கள். இப்படி ஒரு மௌனத்தை மூர்த்தி தன் வாழ்நாளில் அறிந்ததில்லை. மௌனம் தனக்குப் பிடித்த ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்.

"கீழ நின்னவங்களோட டயரு எப்படி இருந்துச்சுங்க?"

"மொட்டைங்க. நாலும்."

"நாலும்," என்று சொல்லிப் பார்த்தார் அவர். "வரிசைன்னு ஒண்ணு இருக்குதுங்களே, அது வரோணும்னு ஆபீசு ஆபீசா ஏறி எறங்குனவன் நான். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அதுக்கு முன்னால ஒரு நாள், இதே மலைல நாங்க நின்னப்பவும் எங்களுக்குக் கீழ ஒரு மொட்டை டயரு வண்டி நின்னுச்சு. முறைவண்டி அங்கயே சக்கரத்தக் குடுத்துட்டு எங்களத் தாண்டிப் போச்சு. அந்தாளு கையக் காட்டிட்டுப் போனாரு. அவருமேல தப்பில்ல, அப்பச் சட்டம் அப்படி. என் சம்சாரம் பத்மாவுக்கு அந்நேரம் லேசாத்தான் மூச்சு வாங்குச்சு. நாங்களே பெருசா நெனைக்கலீங்க. அதனால நிறுத்துங்கன்னுகூடச் சொல்லல. அடுத்த முறைவண்டி வர்றப்ப அவ எம்மடில இருந்தா. சக்கரத்த எறக்கி வெச்சாங்க. நான் மாட்டல."

பம்பு ஓடும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி ஓடியது.

"அதத் திருப்பிக் குடுக்கவும் இல்லீங்க. டிக்கிலயே கெடந்துச்சு. வேற வண்டி வாங்குனப்ப அதுக்கு மாத்திக்கிட்டேன். அந்த எடைக்கே மத்த நாலும் சீக்கிரம் தேயுதுப்பான்னு பையன் சொல்லுவான். நாலு டயரையும் தெனமும் பார்ப்பேன். பட்டன் பார்ப்பேன், காத்துப் பார்ப்பேன். அத மட்டும் தொட்டதில்ல. காத்து இருக்குதா இல்லியான்னுகூடத் தெரியாது."

மூர்த்தி தெருக்கோடியில் நின்ற அந்தக் காரைப் பார்த்தார். வெளுத்த சக்கரத்தைப் பார்த்தார்.

"சொந்தக்காரங்க வண்டில ஏறி வந்திருக்கலாமுங்க. ஏறச் சொன்னாங்க. நான் ஏறல. அப்பறம் நிரஞ்சன் ஒண்ணுமே கேக்காம டிக்கியத் தொறந்து அத எறக்குனான். நான் ஒரு கல்லுமேல உக்காந்துட்டேன். ஓரமெல்லாம் வெடிச்சுப் போயிருக்குது. மெதுவாத்தான் வந்தோம். ஆனா உருண்டுச்சுங்க."

"மன்னிச்சுக்கங்க," என்றார் மூர்த்தி. சொன்னதும் அது எவ்வளவு சிறிய சொல் என்று தெரிந்தது.

"நீங்க பண்ணுனது தப்புங்க. நானா இருந்தா..." என்று தொடங்கியவர் அதை முடிக்கவில்லை. பிறகு வேறொன்றைக் கேட்டார். "யாரு இருந்தாங்க உள்ள?"

"கால்ல கட்டுப் போட்டு ஒரு பொண்ணு. ஒரு சின்னக் கொழந்தைங்க."

"முழிச்சிருந்துச்சா?"

"இல்லீங்க. நாங்க கெளம்பற வரைக்கும் தூங்குச்சு."

தெய்வசிகாமணி அதைத் தனக்குள் எங்கோ வைத்துக்கொள்வதுபோல மெல்லத் தலையை ஆட்டினார்.

"நாளைக்கு மலை எறங்கறப்ப உங்களுக்கு முறைச் சக்கரம் வராதுங்க. வரிசைல கடைசி."

"தெரியுமுங்க."

"அதுவும் நான் எழுதச் சொன்னதுதான்."

அவர் பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, மூர்த்தியின் காருக்கு முன்னால் மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கட்டைவிரல் நகத்தை டயரின் பள்ளத்தில் அழுத்தினார். சற்றுத் தள்ளி மறுபடி அழுத்தினார். ஒவ்வொரு சக்கரமாகப் போனார். பந்தலிலிருந்து சிலர் எட்டிப் பார்த்தார்கள். மாப்பிள்ளைக்கு அப்பா பெண் வீட்டுக்காரரின் டயரைப் பார்த்துக்கொண்டிருப்பது அவர்களுக்குப் புதிதாக இல்லை. ஒருவர் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

"முன்னால உள்ளோரம் மட்டும் தேயுது. அலைன்மென்ட் பார்க்கோணும்," என்றார் எழுந்துகொண்டே. "மத்தபடி தாங்கும்."

வாசலில் சுகந்தி வந்து நின்றாள். "ஏனுங்க, பன்னெண்டாச்சு. தட்டு மாத்தலாமான்னு கேக்கறாங்க."

மூர்த்தி தெய்வசிகாமணியைப் பார்த்தார்.

"மாத்தலாமுங்க," என்றார் தெய்வசிகாமணி. முன்னால் நடந்தார்.

பந்தலில் எதிரெதிராக நின்று தட்டைக் கொடுத்தபோது, வாங்கிய கையின் கட்டைவிரல் கறுத்திருந்ததை மூர்த்தி பார்த்தார். பித்தளை விளிம்பில் அந்தக் கரி பதிந்தது. அவர் துடைத்துக்கொள்ளாமலே வந்திருக்கிறார்.

"காலைல எத்தன மணிக்கு எறங்கறீங்க, சம்பந்தி?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார் தெய்வசிகாமணி. "சேர்ந்தே போலாம். எங்கிட்டயும் இனி டிக்கில ஒண்ணுமில்ல."

தெருவில் பம்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.